அவுட்பாக்ஸில் மாட்டிக்கொண்ட கடிதம்

"மெயில் வருது, ஆனா போக மாட்டேங்குது." கணினியில் மின்னஞ்சல் நிரல் வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார்களில் விசித்திரமாகத் தோன்றுவது இதுதான். அதே கணினி, அதே இணையம், அதே பாஸ்வேர்டு. வருவது வரும்போது போவது மட்டும் ஏன் போகக்கூடாது?

அஞ்சலைக் கொண்டுவருவதும் அனுப்புவதும் ஒரே வேலை என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அவுட்லுக், தண்டர்பேர்டு எதுவானாலும் உள்ளே இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் ஓடுகின்றன. அஞ்சலைக் கொண்டுவருவது ஐமேப் அல்லது பாப் என்ற நெறிமுறை, அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகள்; அனுப்புவது எஸ்எம்டிபி என்ற வேறொரு நெறிமுறை. பெரும்பாலும் சர்வர் முகவரியே வேறு, அந்தச் சர்வரில் எந்த வாசலைத் தட்டுவது என்று சொல்லும் போர்ட் எண்ணும் வேறு. ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995, அனுப்புவதற்கு 587 அல்லது 465. ஒரே ஜன்னலுக்குள் இரண்டையும் காட்டுவதால் ஒரே இயந்திரம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, இரண்டும் நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா என்பது. இரண்டும் நின்றிருந்தால் இணையத்தையோ பாஸ்வேர்டையோ சந்தேகிக்கலாம். அனுப்புவது மட்டும் நின்றிருந்தால் எஸ்எம்டிபி அமைப்புகளைத் திறந்து பாருங்கள். இன்பாக்ஸைக் குடைவதில் பயனில்லை.

எஸ்எம்டிபி பழைய ஆள். இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய ஆவணத்தில் இருக்கும் அடிப்படை உரையாடல்தான் இன்றும் நடக்கிறது. உரையாடல் என்று சொல்வது உவமைக்காக இல்லை, உண்மையாகவே பேச்சுதான். நிரல் முதலில் சர்வருக்கு வணக்கம் சொல்கிறது. அப்புறம் யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை வாசிக்கிறது. தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். ஒவ்வொரு பேச்சுக்கும் சர்வர் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலாகத் தருகிறது. பிழைச் செய்தியில் நீளமான ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து மிரளும் நாம் கவனிக்காமல் விடுவது இந்த எண்ணைத்தான்.

அதிலும் முதல் இலக்கம் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். 2 என்றால் சரி. 3 என்றால் மேலே சொல். 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் இதே நிலையில் எத்தனை முறை வந்தாலும் முடியாது. 421 வந்தால் சர்வர் இப்போதைக்குக் கடையைச் சாத்துகிறது. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். 535 என்றால் நீங்கள் யார் என்பதை அது ஏற்கவில்லை. 550 என்றால் அப்படி ஒரு அஞ்சல்பெட்டி இல்லை, அல்லது உங்கள் கடிதத்தை வாங்க மறுக்கிறார்கள். 5-இல் தொடங்கும் பிழைக்கு 'அனுப்பு' பொத்தானை நூறு முறை அழுத்துவது வீண். ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும்.

கடிதம் எங்கே நிற்கிறது என்பதும் ஒரு தடயம். அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களின் பெட்டியான அவுட்பாக்ஸிலேயே கிடந்தால் கோளாறு உங்கள் நிரலுக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே. அனுப்பியவை பட்டியலுக்குப் போய், பிறகு "சேர்க்க முடியவில்லை" என்று ஒரு கடிதம் திரும்பி வந்தால் உங்கள் சர்வர் அதை வாங்கிக்கொண்டுவிட்டது. சிக்கல் அதற்கு அப்பால். அந்த நிலையில் நிரலை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது, தபால் தொலைந்ததற்கு வீட்டுக் கதவை மாற்றுவது போல.

அவுட்பாக்ஸில் மாட்டிக்கொள்ளும் கடிதங்களில் பல, பெரிய கோப்பைச் சுமந்துகொண்டிருப்பவை. 25 எம்பி வரை அனுப்பலாம் என்கிறார்கள், என் கோப்பு 20 எம்பிதானே என்று கேட்கத் தோன்றும். மின்னஞ்சல் எழுத்துகளை மட்டும் கடத்துவதற்காகப் பிறந்தது. படத்தையோ பிடிஎஃப்பையோ அனுப்ப வேண்டுமானால் அதை முதலில் எழுத்துகளாக மாற்றியாக வேண்டும். பேஸ்64 என்ற அந்த முறையில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. அதாவது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. உங்கள் 20 எம்பி சர்வருக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 27 எம்பி. இப்படி மாட்டிய கடிதத்தை எடுக்க, நிரலை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றிவிட்டு அழிப்பது நல்லது. இல்லையென்றால் அதை அனுப்ப முயன்றுகொண்டிருக்கும் நிரல் உங்களைத் தொடவிடாது.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? நிரல் பழையதாக இருக்கலாம். பெயரையும் பாஸ்வேர்டையும் நேராகக் கொடுத்து நுழையும் பழைய முறைக்கு கூகுளும் மைக்ரோசாஃப்டும் 2022-இல் பெருமளவு கதவடைத்தன. இப்போது ஓஆத் என்ற முறையில், பிரவுசர் ஜன்னலில் நீங்கள் ஒப்புதல் கொடுத்து, நிரலுக்கு ஓர் அனுமதிச்சீட்டு கிடைக்க வேண்டும். அது தெரியாத பழைய பதிப்பில் பாஸ்வேர்டை எத்தனை முறை கவனமாகத் தட்டினாலும் பயனில்லை.

நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சர்வர் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் செல்லாது என்று நிரல் அடம்பிடித்தது. நீக்கினேன், நிறுவினேன், அரைநாள் போனது. கடைசியில் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் கணினி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சான்றிதழிலும் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். என் கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை!

இனி வட்டில் இருக்கும் கோப்பு. கிளாசிக் அவுட்லுக் தன் கடிதங்களை பிஎஸ்டி அல்லது ஓஎஸ்டி என்ற ஒரே பெரிய கோப்பில் அடைக்கிறது. அவுட்லுக் 2003-க்கு முந்தைய பதிப்புகளின் பிஎஸ்டி 2 ஜிபியைத் தொட்டால் கெட்டுப்போகும் என்பது அந்தக் காலத்தில் பலர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். கெட்ட பிஎஸ்டியைச் சரிசெய்ய ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி அதனுடனேயே வருகிறது. ஓட்டும் முன் கோப்பை நகலெடுத்து வைத்துவிடுங்கள். தண்டர்பேர்டின் வழக்கமான முறை வேறு: ஒரு ஃபோல்டருக்கு ஓர் எழுத்துக் கோப்பு, பக்கத்தில் ஒரு பொருளடக்கக் கோப்பு. ஒரு தலைப்பைச் சொடுக்கினால் வேறு கடிதம் திறக்கிறதா? பொருளடக்கம் குழம்பியிருக்கிறது. ஃபோல்டரின் பண்புகளில் இருக்கும் 'ஃபோல்டரைச் சரிசெய்' அதைப் புதிதாக எழுதும். நீங்கள் அழித்த கடிதம்கூட அந்தக் கோப்பில் அழிந்த அடையாளத்தோடு கிடக்கும். 'சுருக்கு' கட்டளை கொடுத்த பிறகுதான் உண்மையில் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐமேப்பில் மூலம் சர்வரில் இருக்கிறது, வட்டில் இருப்பது நகல். பாப்பில் வட்டில் இருப்பதே ஒரே பிரதியாக இருக்கலாம். எது என்று தெரியாமல் "கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள்.

நிரல் திறக்கவே மறுத்தால், கூடுதல் வசதிக்காக அதில் ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்களைச் சந்தேகிக்கலாம். கிளாசிக் அவுட்லுக்கை கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே திறந்தால் அவை இல்லாமல் திறக்க வழி கேட்கும்.

நாட்காட்டியில் வரும் கோளாறுகள் வேறு சாதி. பிழைச் செய்தியே வராது. கூட்டம் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும். "மார்ச் 20, காலை 10 மணி" என்று நீங்கள் குறித்ததை நிரல் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி வைத்திருக்கலாம். மறுபடி காட்டும்போது உங்கள் நேர மண்டலத்தின் விதிப்படி திருப்புகிறது. இடையில் விதி மாறினால்? 2007-இல் அமெரிக்காவில் அப்படித்தான் ஆனது. 2005-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேரம் ஏப்ரல் முதல் ஞாயிறுக்குப் பதிலாக மார்ச் இரண்டாம் ஞாயிறே தொடங்கியது. பழைய விதியில் கணக்கிட்டு வைத்த கூட்டங்கள் இடைப்பட்ட வாரங்களில் ஒரு மணி நேரம் நகர்ந்தன. அவற்றைத் திருத்த மைக்ரோசாஃப்ட் தனிக் கருவியே வெளியிட்டது.

பிறந்தநாள் இரண்டு நாளாக நீள்வதும் இதே கதை. முழுநாள் நிகழ்வை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்று நேரமாகச் சேமித்தால், நேர மண்டலம் மாறியதும் அது ஒரு நாளின் மாலையில் தொடங்கி மறுநாள் மாலையில் முடிகிறது. நாட்காட்டி நிரல்கள் நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் வடிவத்தில் நேரமே இல்லாமல் தேதியை மட்டும் எழுத வழி உண்டு. அப்படி எழுதிய பிறந்தநாள் நகராது.

ரத்தான கூட்டம் சிலருக்கு மட்டும் நாட்காட்டியில் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. நேரத்தை மாற்றினாலும் ரத்து செய்தாலும் அதே எண்ணோடுதான் செய்தி வருகிறது; நிரல் எண்ணைத் தேடிப் பிடித்துத் திருத்துகிறது. யாராவது அந்த அழைப்பை நகலெடுத்து ஒட்டியிருந்தால் நகலுக்குப் புது எண் கிடைத்திருக்கும். ரத்துச் செய்தி வந்து பழைய எண்ணை அழித்துவிட்டுப் போய்விடும். நகலைத் தேடி யாரும் வரப்போவதில்லை, கையால்தான் அழிக்க வேண்டும்.