இரவு பதினொன்றரைக்கு வரும் போன்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. எங்கள் குழுவில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத தன்னார்வலர் ஒருவர் கூப்பிட்டார். "சார், ஒரு பையன் அழறான். எட்டாயிரம் ஏற்கெனவே போட்டுட்டான், இன்னும் இருபதாயிரம் கேக்கறாங்களாம். அந்த ஆளுக்கு நானே மெசேஜ் போட்டு மிரட்டிட்டேன். நீங்க கவலைப்படாதீங்க."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும்தான் எனக்குக் கவலை வந்தது.

நான் வழக்கறிஞர். சைபர் குற்ற வழக்குகள் நிறைய பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று சிலருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சாட்டில் அந்தரங்கப் படத்தைக் காட்டிப் பணம் கேட்கும் மிரட்டலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வீட்டில் சொல்லத் தைரியம் இருக்காது. நண்பனிடம் சொன்னால் பரவிவிடும் என்ற பயம். ஸ்டேஷன் வாசலை மிதித்ததே இல்லை. இவர்கள் புகார் கொடுக்கப் போகும்வரை கூட இருக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் தன்னார்வலர்களின் வேலை அவ்வளவுதான்.

பையன் கதை வழக்கமானது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் அறிமுகம், இரண்டே நாளில் டெலிகிராமுக்கு மாற்றம், ஒரு வீடியோ கால். எதிரே ஓடியது ஏற்கெனவே பதிவு செய்த படம். பதிவானது இவன். பத்து நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் வந்தது, கூடவே இவனைப் பின்தொடரும் சொந்தக்காரர்களின் பெயர்ப் பட்டியலும். பணம் போட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினான். போட்ட பிறகுதான் கேட்பது கூடியது.

நம் தன்னார்வலர் என்ன செய்தார்? அந்தக் கணக்கின் பெயரை வாங்கி, தன் சொந்த டெலிகிராமிலிருந்து அவனுக்கு எழுதினார்: 'உன் ஐபி முகவரி எங்களிடம் இருக்கிறது. காலையில் போலீஸ் வரும்.' பதில் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் பையனின் போனிலிருந்து மொத்த உரையாடலும் காணாமல் போனது. டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இரு பக்கமும் சேர்த்தே அழித்துவிடலாம். 2019-லிருந்து எவ்வளவு பழைய செய்திக்கும் அந்த வசதி உண்டு. வாட்ஸ்அப்பில் என்றால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு தடயமாவது கிடக்கும். இதில் அதுவும் கிடையாது. மிஞ்சியது யுபிஐ செயலியில் இருந்த யுடிஆர் எண்ணும் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வரும் அடையாள எண்), மேல்பகுதி வெட்டப்பட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்.

தப்பு அவருடையது மட்டும் இல்லை. டெலிகிராமின் இந்தக் குணத்தை அதுவரை என் பயிற்சியில் ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில்லை.

துரத்திப் பிடிக்கும் ஆசை தன்னார்வலர்களுக்குப் புதிதல்ல. நியூயார்க் சுரங்க ரயில்களில் சிவப்புத் தொப்பியோடு ரோந்து போன கார்டியன் ஏஞ்சல்ஸ் என்ற குழு 1979-இல் தொடங்கியது. அவர்களே 1995-இல் சைபர் ஏஞ்சல்ஸ் என்று ஒரு பிரிவைத் தொடங்கி, அன்றைய ஐஆர்சி அரட்டை அறைகளுக்கு வந்தார்கள். சாட்டில் பாதுகாப்பு என்பதைத் தன்னார்வலர் வேலையாக எடுத்துக்கொண்ட முன்னோடிகள் அவர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ரோந்து மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறொரு குழுவின் கதையை நான் சொல்வதுண்டு. 2006-இல் டெக்சாஸ் மாநிலத்தின் மர்ஃபி என்ற ஊரில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகத் தன்னார்வலர்கள் சிறுவர் சிறுமியர் போல சாட் செய்து ஆட்களை வரவழைத்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஆதாரமும் அதிகார எல்லையும் இடிக்கிறது என்று அடுத்த ஆண்டு அரசு வழக்கறிஞர் அந்த வழக்குகளை நடத்த மறுத்துவிட்டார். கேமராவுக்குக் கிடைத்தது, கோர்ட்டுக்குக் கிடைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் முறையை மாற்றிவிட்டோம்.

போன் வந்ததும் சாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "சாப்பிட்டியா? பக்கத்துல யார் இருக்காங்க?" என்றுதான் ஆரம்பம். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்கிறோம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டியதாகிவிடும் என்று பலர் தயங்குகிறார்கள், அது தவறான பயம். ஆமாம் என்று சொன்னால் மற்ற எல்லாம் அப்புறம். வீட்டில் ஒருவரை எழுப்ப வேண்டும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேச வைக்க வேண்டும்.

அடுத்து, பணம் அனுப்புவதை நிறுத்த வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது, பதிலும் எழுதக் கூடாது. வெட்கத்தில் முதலில் கை போவது டெலீட் பட்டனுக்குத்தான். அதை முந்துவதுதான் எங்கள் மொத்தத் திறமையும் என்று சொல்லலாம்.

ஸ்கிரீன்ஷாட்டைக்கூட நாங்கள் அதிகம் நம்புவதில்லை. டெலிகிராம் ரகசிய சாட்டில் பெரும்பாலும் எடுக்கவே விடாது. இன்ஸ்டாகிராமின் மறையும் செய்திகளில் எடுத்தால் எதிராளிக்குத் தகவல் போய்விடும். அம்மாவின் போனையோ அண்ணனின் போனையோ வாங்கி, இந்தத் திரையை மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தி வீடியோ எடுங்கள் என்கிறோம். கணக்கின் பக்கத்தைத் திறந்து அதன் யூசர்நேமும் இணைப்பும் தெரியும்படி எடுக்க வேண்டும். காட்டும் பெயரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். தேதியும் நேரமும் விழ வேண்டும், ஓரத்தை வெட்டக் கூடாது. வீடியோ எடுத்த அந்த போனை ஃபார்மேட் செய்யவே கூடாது, சாட்சியமாக நிற்கப்போவது அதுதான். இவ்வளவும் முடிந்த பிறகு பிளாக் செய்யலாம்.

பணம் போயிருந்தால் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன். விடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். படம் பரவும் பயம் என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார், கூடவே அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க உதவும் ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம். ஸ்டாப் என்சிஐஐ தளத்துக்குப் படத்தை அனுப்பவே வேண்டாம். உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகி, அது மட்டும்தான் போகும். இதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்தக் கைரேகையை வைத்துப் படத்தைத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் இதேபோல் இயங்கும் டேக் இட் டவுன் என்ற தளம்.

பதினெட்டு என்றதும் எங்கள் ஆட்களுக்கு நான் குரலை உயர்த்திச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. குழந்தையின் படத்தை எக்காரணம் கொண்டும் உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அப்படிப்பட்ட படத்தைப் பதிவிறக்கிப் பார்த்தது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஒரு வழக்கை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே வில்லங்கம். உதவப் போனவர் என்பது போனைக் கைப்பற்றும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று ஒரு சிறுமியிடம் வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. இதை அவள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்னால் சில பிள்ளைகள் போனை வைத்துவிடுகிறார்கள். அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் அவளே கூப்பிடும்போது எடுக்க ஒரு ஆளை வைக்கிறோம்.

எங்களைப் போலவே பேசும் திருடர்களும் இருக்கிறார்கள். மிரட்டல் தொடங்கிய மறுநாள் 'டெல்லி சைபர் கிரைம் அதிகாரி' கூப்பிடுவார், யூடியூபிலிருந்து வீடியோவை எடுக்கக் கட்டணம் கேட்பார். அதே கும்பலின் இரண்டாம் காட்சிதான் அது. உதவுகிறேன் என்று வருபவர் பணமோ ஓடிபியோ கேட்டால், திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொன்னால், அவர் தன்னார்வலர் இல்லை.

அந்தப் பையன் யுடிஆர் எண்ணை மட்டும் வைத்துப் புகார் கொடுத்தான். படம் யாருக்கும் போனதாக இதுவரை தெரியவில்லை. மிரட்டி எழுதிய தன்னார்வலர் வெளியேறிவிடுவார் என்றுதான் நினைத்தேன், ஆனால் இருக்கிறார். புதியவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பத்து நிமிடம் அவருடையது. கையில் இரண்டு போன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டெலிகிராமில் பத்துப் பதினைந்து செய்திகளை அனுப்புவார். இரண்டாவது போனைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார். பிறகு தன் கையில் உள்ளதில் ஒரு பொத்தானை அழுத்துவார். "அய்யோ, போயிடுச்சு சார்" என்று அந்தப் புதியவர் கத்திய பிறகுதான் நான் சட்டம் பேச எழுந்திருப்பேன்.