சாயங்காலம் வெந்நீர், விடிந்தால் பச்சைத்தண்ணீர்

ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தாவிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார்: "மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. சாயங்காலம் கை வைக்க முடியாத சூடு. ராத்திரி யாரும் ஒரு சொம்புகூட எடுப்பதில்லை. காலையில் திறந்தால் பச்சைத்தண்ணீர். சூடு எங்கே போகிறது?"

வானத்துக்குத்தான் போகிறது.

முதலில் ஒரு வாளி பிடித்துக் கொட்டிவிட்டுப் பாருங்கள். முதலில் வருவது குழாயில் நின்று ஆறிய தண்ணீராக இருக்கலாம். தொட்டியின் வெளித்தகடு வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே சூடு வெளியேறாமல் காக்கும் பஃப் என்ற நுரை கெட்டுவிட்டது. இரண்டும் இல்லை என்றால் இனிதான் விஷயமே.

இந்த ஹீட்டரில் மோட்டார் கிடையாது. பேனலில் சூடாகும் தண்ணீர் தானாக மேலே தொட்டிக்கு ஏறுகிறது, தொட்டியின் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் பேனலுக்கு இறங்குகிறது. எப்படி? 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 998 கிராம், 60 டிகிரியில் 983 கிராம். வித்தியாசம் வெறும் 15 கிராம், மூன்று ஸ்பூன் சர்க்கரை அளவு! ஒரு தட்டில் குளிர்ந்த தண்ணீர், மறு தட்டில் வெந்நீர் என்று தராசு போல யோசியுங்கள். கனமான பக்கம் இறங்கி மற்றதைத் தூக்கிவிடுகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு இதில் கிடைக்கும் தள்ளுவிசை, ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்தான். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீர் சுற்றி வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்குவதில்லை.

விசை இவ்வளவு சிறியது என்பதால் ஒரு காற்றுக் குமிழியே அதை நிறுத்திவிடும். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் அடியில் பொடிக் குமிழிகள் ஒட்டுமே, அதே காற்றுதான் குழாய் எங்காவது மேடேறி இறங்கினால் அந்த மேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நல்ல வெயிலில் பேனல் கொதிக்க, தொட்டி குளிர்ந்தே கிடந்தால் காற்று அடைப்பைச் சந்தேகியுங்கள். லண்டன் வீடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அடியில் சுட்டு மேலே சில்லென்று இருப்பதும் காற்றால்தான். அங்கே சாவி போட்டுத் திருகிக் காற்றை வெளியேற்றிவிடுவார்கள்.

சரி, அக்காவின் தொட்டிக்கு வருவோம். மேகமில்லாத மார்கழி இரவில் பேனல் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. அதிலுள்ள தண்ணீர் கனமாகிறது. தொட்டி போதிய உயரத்தில் இல்லையென்றால் தராசு மறுபக்கம் சாய்ந்து, வெந்நீர் மேல்குழாய் வழியாகப் பேனலுக்குப் போய் ஆறி, அடிக்குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. ராத்திரி படுக்கப் போகும் முன் பேனலின் மேல்குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெயிலே இல்லாத நேரத்தில் அது வெதுவெதுப்பாக இருந்தால் திருடன் அகப்பட்டான்.

குன்னூரில் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. ஈசானி மூலையில் உயரம் ஆகாது என்று ஸ்டாண்டு செய்தவர் தொட்டியைத் தாழ்த்திவிட்டார். பூஜை அறைக்கு வாஸ்து பாருங்கள், நான் குறுக்கே வரவில்லை. தொட்டியின் உயரத்தைத் தண்ணீரின் எடைதான் சொல்ல வேண்டும். தொட்டியின் அடி, பேனலின் உச்சியைவிட ஓர் அடியாவது மேலே இருக்கட்டும். வெல்டிங்காரரைக் கூப்பிட்டு உயர்த்தினோம். இப்போது தை மாதக் காலையிலும் விளாவித்தான் குளிக்கிறோம்.

ஆனால் தலைகுந்தாவில் உறைபனி விழும். ராத்திரி தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டால் பேனலுக்குள் இருப்பது உறையலாம். உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து செம்புக் குழாயைப் பிளந்துவிடும். அதனால் வெயில் தாழ்ந்ததும் பேனல் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிடுங்கள் அக்கா, காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.