அலைகள் முனையை நோக்கி வளைவது ஏன்?

கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைத்தான் அலைகள் கடுமையாகத் தாக்குகின்றன என்றால், அதை அரித்துக் கரையை நேராக்கிவிடாமல் ஏன் விட்டுவைத்திருக்கின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி.

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டிலுள்ள சுவானேஜ் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே கடினப் பாறைகளும் மென்மையான களிமண், மணல் படிவுகளும் கரைக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக அமைந்துள்ளன. மென்மையானவை விரைவாக அரிக்கப்பட்டுச் சுவானேஜ் விரிகுடா உருவாயிற்று. வடக்கே சீமைச்சுண்ணப் பாறையாலான ஹேண்ட்ஃபாஸ்ட் முனையும், தெற்கே சுண்ணாம்புக்கல்லாலான டர்ல்ஸ்டன் முனையும் எஞ்சின. இதுவரை பள்ளியில் படித்ததுதான்.

இனி வருவதே அழகு. அலை தன் நீளத்தில் (அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தூரத்தில்) பாதியளவு ஆழத்துக்கு வந்ததுமே கடலடியின் பிடியில் சிக்குகிறது. 100 மீட்டர் நீளமுள்ள அலைக்கு 50 மீட்டர் ஆழத்திலேயே இது தொடங்கிவிடும். ஆழங்குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 4 மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 6 மீட்டர், 1 மீட்டர் ஆழத்தில் அதில் பாதி. முனைக்கு முன்னால் பெரும்பாலும் கடலடி மேடாக இருப்பதால், அங்கு வரும் அலைப்பகுதி முதலில் தளர்கிறது. விரிகுடாவுக்கு நேரே ஆழத்தில் செல்லும் பகுதியோ வேகம் குறையாமல் முந்துகிறது. நேர்க்கோடாக வந்த அலைமுகடு இவ்வாறு வளைந்து, முனையை மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. கண்ணாடிக்குள் நுழையும் ஒளி விலகுவதற்கும் இதுவே காரணம்: ஊடகத்தில் வேகம் மாறுகிறது. முனையில் குவியும் ஆற்றல் பாறையைப் பிளக்க, விரிகுடாவில் பரவித் தணியும் ஆற்றல் மணலைப் படியவிடுகிறது.

ஹேண்ட்ஃபாஸ்ட் முனையின் விரிசல்கள் இப்படித்தான் குகைகளாகி, குகைகள் இருபுறமும் துளைபட்டு வளைவுகளாகி, கூரை சரிந்தபின் தனித்த தூண்களாகின்றன. அங்குள்ள ‘ஓல்டு ஹாரி’ தூணின் ‘மனைவி’ எனப்பட்ட தூண் 1896இல் சரிந்து விழுந்தது.

ஆகவே, முனைகளும் அரிக்கப்படுகின்றன என்பதே வாசகருக்கான விடையின் முதற்பாதி. முனை நீள நீள அதன்மீது குவியும் ஆற்றலும் கூடும். கடினப் பாறை அந்தக் கூடுதல் அடிக்கு ஈடுகொடுத்து, விரிகுடா பின்வாங்கும் அதே வேகத்தில் தானும் பின்வாங்கும் நிலை வரும்போது, இரண்டும் சேர்ந்தே நகரும், வடிவம் மாறாது. கடல்மட்டம் இன்றைய அளவை ஒட்டி வந்து ஏறத்தாழ 6,000 முதல் 7,000 ஆண்டுகளே ஆகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பல முனைகள் இன்னும் அந்நிலையை எட்டியிராததில் வியப்பில்லை.

அலை எங்கே குவியும் என்பதைக் கடலடியே தீர்மானிக்கிறது என்பதால், துறைமுகத்துக்காக ஓர் இடத்தைத் தூர்வாரினால்கூட அலைகளின் பாதை மாறி, அரிப்பு பக்கத்துக் கரைக்கு இடம்பெயரலாம். தடுப்புச்சுவர்களுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கைக் கடலடி ஆழத்தை ஆண்டுதோறும் அளப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆழம் தெரியாமல் கட்டப்படும் சுவருக்கு அடுத்த ஊரில் வீடு இழப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள்.