மடியில் இருக்கும் குழந்தையும் சட்டமும்: காரில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோருக்கான விதி

முகூர்த்த நாள்களில் திருப்பரங்குன்றத்துக்கும் அழகர்கோவிலுக்கும் போகும் கார்களைச் சற்று நேரம் நின்று பார்த்தால், முன் இருக்கையில் அப்பத்தாவோ அம்மாவோ சீட் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்க, அவர்கள் மடியில் கைக்குழந்தை எந்தப் பிடிமானமும் இல்லாமல் இருப்பதைக் காணலாம். பெரியவர் பெல்ட் போட்டிருப்பதால் விதி நிறைவேறிவிட்டது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அது சரியன்று. அந்தக் குழந்தையின் பொருட்டுத் தனியாக ஒரு சட்டப் பிரிவே இருக்கிறது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம் 194-பி என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன் முதல் உட்பிரிவு, பெல்ட் அணியாமல் ஓட்டுபவரையும், பெல்ட் அணியாத பயணிகளை ஏற்றிச் செல்பவரையும் பற்றியது. இரண்டாவது உட்பிரிவு முழுக்கக் குழந்தைகளைப் பற்றியது: 14 வயது நிறையாத குழந்தையைப் பாதுகாப்பு பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் வாகனத்தை ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். இது 2019 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதும் சட்டமாக உள்ளது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதத் தொகைகள் 2022 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தன.

யார் பொறுப்பு என்பதைச் சட்டம் விரிவாகவே சொல்கிறது. ஓட்டுபவர் மட்டுமல்லாமல், அவ்வாறு ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் இதற்குள் வருவார்கள். குலதெய்வம் கோயிலில் மொட்டையடிக்க உசிலம்பட்டிப் பக்கம் போவதற்கு ஆக்டிங் டிரைவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்தபடி ‘வண்டியை எடுங்க தம்பி’ என்று சொல்லும் உரிமையாளர், பொறுப்பை டிரைவரின் தலையில் மட்டும் வைத்துவிட்டு ஒதுங்க இயலாது. பிள்ளை மடியில் இருக்கும்போது வண்டியை எடுக்க மறுக்கும் டிரைவரைக் கோபிக்காமல், அவர் சட்டப்படி நடக்கிறார் என்று நினைவில் கொள்ள வேண்டும்.

மடி ஏன் பாதுகாப்பாகாது என்பதை என் வீட்டில் நடந்ததைக் கொண்டே சொல்கிறேன். மேலூர் நான்குவழிச் சாலையில் ஆடுகள் குறுக்கே வந்ததால் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது, எதிலும் மோதவுமில்லை. முன் இருக்கையில் என் மனைவியின் இரு கைகளுக்குள் இருந்த இரண்டு வயது மகள் நழுவி, டாஷ்போர்டின் விளிம்பில் தாடை பட்டு, மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. கெட்டியாகப் பிடித்திருந்தேனே என்று மனைவி பல நாள் வருந்தினாள். அவள் பிடித்தது உண்மை. ஆனால் அந்தப் பிடி போதுமானதாக இருக்கவே முடியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலோ மோதிப் பத்தில் ஒரு விநாடிக்குள் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்தச் சுமார் 110 கிலோவைத் தூக்கும் வலு வேண்டும். அதாவது இரண்டு சிமெண்ட் மூட்டைகளுக்கும் மேல். பெல்ட் அணியாத பெரியவரின் மடியிலோ நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அவர் உடலின் முழு எடையும் குழந்தையை முன்னால் நசுக்கும். பெரியவருடைய பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

சட்டம் ‘பெல்ட் அல்லது குழந்தை இருக்கை’ என்று சொல்வதால், இரண்டில் எது கையில் இருக்கிறதோ அது போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காரில் உள்ள பெல்ட் வளர்ந்தவரின் உடலுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைப் போட்டால் மேற்பட்டி கழுத்தை அறுக்கும். கீழ்ப்பட்டி இடுப்பெலும்பில் நில்லாமல் வயிற்றில் ஏறி, மோதலின்போது குடலையும் கல்லீரலையும் அழுத்தும். ஆகவே உயரம் ஏறக்குறைய 145 சென்டிமீட்டரை எட்டும் வரை, அதாவது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது வரை, ஏதேனும் ஒரு வகை இருக்கை வேண்டும்.

பிறந்த குழந்தையை வண்டியின் பின்புறம் பார்த்தபடி அமர்த்தும் இருக்கையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது, கழுத்தெலும்போ இன்னும் இறுகாதது. பின்னோக்கி இருந்தால் மோதலின் விசையை இருக்கையின் முதுகு முழுதும் வாங்கிக்கொள்ளும். குறைந்தது 15 மாதம் வரையும், இருக்கையின் எடை வரம்பு இடங்கொடுத்தால் அதற்கு மேலும் இப்படியே வைத்திருப்பது நல்லது. பிள்ளை கால் மடங்கி உட்கார்ந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு முன்னோக்கித் திருப்பிவிட வேண்டாம். பிறகு, ஐந்து இடங்களில் உடலைப் பிணைக்கும் வார்களுள்ள முன்னோக்கிய இருக்கை, பெரும்பாலும் 18 கிலோ வரை. அதன்பின், காரின் பெல்ட் தோளிலும் இடுப்பெலும்பின் மேலும் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தும் பூஸ்டர்.

எந்த நிலையிலும் இடம் பின் இருக்கைதான். முன்னால் ஏர்பேக் உள்ள இருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைப்பது உயிருக்கே ஆபத்து. விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னாலேயே அறையும். முன் இருக்கைக்கு மேலுள்ள வெயில்தடுப்புப் பலகையைத் திருப்பிப் பாருங்கள், இந்த எச்சரிக்கை படத்தோடு ஒட்டப்பட்டிருக்கும்.

வாங்கும்போது ஏஐஎஸ் 072 என்ற இந்தியத் தரமோ, ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐரோப்பியத் தரமோ இருக்கையில் ஒட்டிய சீட்டில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரின் பின் இருக்கையில் முதுகுப்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரும்பு வளையங்கள் தட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள்; அவை இருந்தால் ஐசோஃபிக்ஸ் வகை இருக்கையை அதிலேயே பூட்டலாம், தவறாகப் பொருத்தும் வாய்ப்பும் குறைவு. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் என்ன வைப்பது என்று யோசிக்கும் வீடுகளுக்கு நான் குழந்தை இருக்கையைத்தான் சொல்லி வருகிறேன். விபத்தில் சிக்கிய இருக்கையை மட்டும் யாரிடமிருந்தும் வாங்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதில் இருக்கக்கூடும்.

வாடகைக் கார்களில் குழந்தை இருக்கை அநேகமாக இருக்காது என்பதால், சொந்தக் கார் இல்லாதவர்களும் பெல்ட்டில் பொருத்தக்கூடிய எளிய இருக்கையொன்றை வைத்திருந்து, மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் குறுந்தொலைவுக்கும் கையோடு கொண்டுசெல்வது பயன் தரும்.

பொருத்தியபின் இருக்கையின் அடிப்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் மீண்டும் இறுக்க வேண்டும். தோள் வாரை விரல்களால் கிள்ளும்போது மடிப்பு விழுந்தால் அது தளர்வாக இருக்கிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் வாரின் கொக்கி சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும் என்பதால், இறங்கும்போது அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டுச் செல்லுங்கள்; திரும்பி வந்ததும் குழந்தையை உட்கார வைக்கும் முன் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.