இரண்டு நட்சத்திரம், ஒரு 'பி', 14 பூஜ்யம்

கோவையில் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் தன் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். பழைய காலத்துப் புல்லட்டின் போர்டு ஒன்று இன்றும் டெல்நெட் (இணையம் மூலம் தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் முறை) வழியாக இயங்குவதைத் தேடிப் பிடித்து, உள்ளே நுழைந்து, ஒரு விளையாட்டுக் கோப்பைக் கேட்டிருக்கிறார். கோப்பு வரவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு நட்சத்திரக் குறிகள், 'பி' என்ற ஆங்கில எழுத்து, அதன்பின் வரிசையாக 14 பூஜ்யங்கள். "இது வைரஸா?" என்று கேட்கிறார்.

பயப்பட வேண்டாம், அது வணக்கம். மறுமுனையில் இருக்கும், இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் விதிமுறையின் நிரல், "கோப்பு தயார், வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று விசாரிக்கிறது. வாசகரின் டெர்மினல் மென்பொருளுக்கு அந்தப் பாஷை தெரியாததால் வந்ததை அப்படியே திரையில் கொட்டிவிட்டது. முதல் இரண்டு பூஜ்யங்கள் செய்தியின் வகை, நடுவில் உள்ள எட்டும் விவரம், கடைசி நான்கும் பிழை கண்டுபிடிப்பதற்கான மீதி எண். பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் மீதி பூஜ்யம்தானே.

புல்லட்டின் போர்டு என்பது யாரோ ஒருவர் வீட்டில் தொலைபேசி இணைப்போடு காத்திருக்கும் கணினி. மோடம் (கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவி) மூலம் அழைத்தால் கடிதம் படிக்கலாம், கோப்பு எடுக்கலாம். 1978 ஜனவரியில் சிகாகோவைப் பனிப்புயல் முடக்கிப்போட்டபோது வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரு நண்பர்கள் முதல் போர்டைத் திட்டமிட்டார்கள். பிப்ரவரி 16 அன்று அது பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கிறிஸ்டென்சன், தொலைபேசி வழியே கோப்பை அனுப்ப ஒரு விதிமுறை எழுதியிருந்தார். பின்னாளில் எக்ஸ்மோடம் என்று பெயர் பெற்றது அதுதான்.

பாட்டி கதை சொல்லும்போது நாம் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நகராது. எக்ஸ்மோடம் அதே ஏற்பாடு. கோப்பை 128 பைட் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றாக அனுப்பும். அன்றைய சிபிஎம் இயங்குதளம் கோப்பை 128, 128 ஆகத்தான் அளந்தது என்பதால் அந்த எண். துண்டின் தலையில் ஒரு தொடக்கக் குறி, வரிசை எண், 255இலிருந்து அந்த எண்ணைக் கழித்த விடை. வாலில் எல்லா பைட்டுகளின் கூட்டல். மொத்தம் 132. வாங்கியவர் கூட்டிப் பார்த்து, சரியென்றால் 6 என்ற குறியை அனுப்புவார். அது 'உம்'. தவறென்றால் 21. அது 'என்ன?'. கூட்டலுக்கு ஒரு பலவீனம் உண்டு: 3, 7 என்பது 7, 3 என்று இடம் மாறினாலும் விடை பத்துதான். அதனால் பிறகு கூட்டலுக்குப் பதிலாக வகுத்து மீதி பார்க்கும் முறை வந்தது.

விநாடிக்கு 300 பிட் மோடத்தில் விநாடிக்கு 30 எழுத்து போகும். ஒரு துண்டுக்கு 4.4 விநாடி. நடுவில் ஒரு 'உம்' காத்திருப்பது பெரிய செலவில்லை. 28,800 பிட் மோடத்தில் அதே துண்டு 0.05 விநாடிக்குள் போய்விடும். ஆனால் 'உம்' திரும்பி வர, வழியில் உள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்து 0.2 விநாடி ஆகிறது என்று வையுங்கள். நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு கம்பி சும்மா கிடக்கும். தொலைபேசிக் கட்டணம் மட்டும் சும்மா கிடக்காது.

அமெரிக்காவின் டெலிநெட் (டெல்நெட் அல்ல) என்ற தரவு வலையமைப்புக்கு இந்தத் தாமதம் தீராத தலைவலி. 1986இல் அந்த நிறுவனம் பணம் கொடுக்க, ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சக் ஃபோர்ஸ்பர்க் எழுதியது இசட்மோடம். விதிமுறையும் யூனிக்ஸ் நிரலும் பொதுச் சொத்தாக வெளிவந்தன. ஒரு நிறுவனத்தின் காசு இப்படி எல்லோருக்குமான கிணறாக மாறியது என்றால், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நம் ஆய்வகங்களின் நிரல்கள் ஏன் பூட்டிய அலமாரியில் கிடக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

இசட்மோடத்தில் கேட்பவர் 'உம்' கொட்டுவதில்லை. சொல்பவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார். மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் கேட்பவர் வாய் திறந்து, "51,200ஆவது பைட்டிலிருந்து சொல்லுங்கள்" என்பார். துண்டு எண் கிடையாது. கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற கணக்கு மட்டுமே. சொல்பவர் அந்த இடத்துக்குத் தாவிப் போய்த் தொடர்வார்.

இதில் நான் மயங்கும் இடம் ஒன்று உண்டு. அழைப்பே அறுந்துபோய், மறுநாள் மீண்டும் அழைக்கிறீர்கள். உங்களிடம் பாதிக் கோப்பு இருக்கிறது. அதன் நீளம் 51,200 பைட் என்றால், உங்கள் நிரல் தொடக்கத்திலேயே சொல்லும் வாக்கியம் எது தெரியுமா? "51,200ஆவது பைட்டிலிருந்து சொல்லுங்கள்." நேற்றைய இரைச்சலுக்குச் சொன்ன அதே வாக்கியம். ஒரு விநாடி இரைச்சலும் ஒரு நாள் இடைவெளியும் இந்த விதிமுறைக்கு ஒரே நோய், ஒரே மருந்து.

அந்த மருந்தில் பிழைத்தவன் நான். எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் இணையக் கணக்குகள் இங்கே புழங்கிய 1990களின் பிற்பகுதியில், தொலைவில் உள்ள யூனிக்ஸ் கணினியில் இறக்கிய கோப்பை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு இசட்மோடம்தான் துணை. கூடத்தில் இன்னொரு தொலைபேசி இருந்தது. யாராவது அதை எடுத்து 'ஹலோ' என்றால் இங்கே இணைப்பு அறுந்துவிடும். ராகு காலத்தில் தொடங்காதே என்று மாமா யோசனை சொன்னார். அறுந்த நேரங்களை ஒரு மாதம் குறித்துவைத்தேன். எங்கள் வீட்டு ராகு காலம் தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை, அத்தை தன் தங்கையோடு பேசும் நேரம்.

இன்னொரு நுணுக்கம். கம்பியில் 19 என்ற பைட் 'நிறுத்து' என்றும் 17 'தொடரு' என்றும் பல கருவிகளுக்கு அர்த்தமாகும். கோப்புக்குள்ளேயே 19 இருந்தால்? இசட்மோடம் முதலில் 24 என்று ஒரு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, 64 கூட்டி 83 என்று அனுப்பும். கோப்பில் 24 இருந்தால் 24, 88 ஆகும். ஆகவே ஒழுங்கான தரவில் இரண்டு 24கள் அடுத்தடுத்து வரவே வராது. 24 என்பது கன்ட்ரோல்-எக்ஸ். மனிதர் அதை ஐந்து முறை அழுத்தினால் 'போதும், நிறுத்து' என்று பொருள். தரவோடு அது குழம்ப வாய்ப்பே இல்லை.

கோப்பை அனுப்பி வாங்கும் இந்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் போர்டு மென்பொருளோடு ஒட்டிக்கொண்ட தனி நிரல்கள். ஃபோர்ஸ்பர்க்கின் டிஎஸ்இசட் அவற்றில் புகழ்பெற்றது. போர்டு ஒதுங்கி நின்று, தொலைபேசியை வைக்காமல் மோடத்தை மட்டும் அதன் கையில் கொடுக்கும். அது கோப்பை அனுப்பிவிட்டு ஒரு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதும்: முதலில் ஓர் எழுத்து, பிறகு பைட் எண்ணிக்கை, வேகம், பிழைகள், கோப்பின் பெயர். சின்ன 'இசட்' என்றால் போய்ச் சேர்ந்தது, பெரிய 'இசட்' என்றால் வந்து சேர்ந்தது, 'எல்' என்றால் இணைப்பு அறுந்தது. போர்டு திரும்பி வந்து அந்த வரியைப் படித்துத்தான் பயனர் கணக்கில் வரவு வைக்கும். பின்னால் வந்த வேறு விதிமுறை நிரல்களும் இதே வரி வடிவத்தையே எழுதின. அதனால் இப்படியொரு நிரலைப் பராமரிப்பவர் ஒரு காற்புள்ளியை நகர்த்தவும் யோசிப்பார்.

இன்று போர்டுகள் டெல்நெட்டுக்கு மாறிவிட்டதில் பராமரிப்பாளருக்குப் புதுத் தொல்லை. டெல்நெட்டில் 255 என்பது கட்டளையின் முன்குறி. கோப்பில் 255 வந்தால் இரண்டு முறை அனுப்ப வேண்டும். போர்டும் ஒட்டு நிரலும் இருவருமே இரட்டித்தாலும் கெடும், 'அவர் செய்வார்' என்று இருவருமே விட்டாலும் கெடும். எழுத்துக் கோப்பில் 255 வருவது அரிது என்பதால் சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். அளவைச் சுருக்கி அழுத்தப்பட்ட கோப்பில் சராசரியாக 256 பைட்டுக்கு ஒரு 255 வரும். அங்கேதான் மாட்டும். அறிகுறி எளிது: இரைச்சல் என்றால் கேட்பவர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தைக் கேட்பார். 255 என்றால் திரும்பத் திரும்ப அதே இடத்தைக் கேட்பார்.

வாசகருக்கு: இசட்மோடம் தெரிந்த டெர்மினல் மென்பொருளை நிறுவுங்கள், நட்சத்திரங்களைக் கண்டதும் அது தானாகவே வாங்கத் தொடங்கிவிடும். நீங்கள் அந்தப் போர்டுக்கு ஏதாவது அனுப்பினால், எல்லாம் முடிந்தபின் உங்கள் பக்கத்து நிரல் இரண்டு 'ஓ' எழுத்துகளை அனுப்பும். 'ஓவர் அண்ட் அவுட்' என்பதன் சுருக்கம். அவசரக்கார ஒட்டு நிரல் அதைப் படிக்காமல் வெளியேறினால், அந்த இரண்டு 'ஓ'வும் போர்டின் மெனுவுக்கு நீங்களே தட்டியதாகப் போய்ச் சேரும். ஒரு கணம் காத்திருந்து விழுங்கிவிட்டுப் போக வேண்டும் என்பதை எழுத இரண்டு வரி நிரல் போதும்.