அலமாரிக் குழிக்குள் புது ஃபிரிட்ஜ்: கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை

திருநெல்வேலியில் பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் பகுதிகளில் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில், அடுக்களையின் ஒரு மூலையில் பலகை அடித்து, மேலே பரணும் பக்கத்தில் அலமாரியுமாக மூடி, நடுவே ஃபிரிட்ஜை நிறுத்தியிருப்பதைக் காணலாம். அன்று வைத்த பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாகக் கைவிரிக்கின்றன. மாற்றுப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் குழியின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். கடையிலும் அந்த மூன்று எண்களுக்குள் அடங்கும் பெட்டியைக் காட்டி விற்றுவிடுகிறார்கள். குழிக்குள் பெட்டி நுழைவது வேறு, நுழைந்த பெட்டி அங்கே நின்று ஒழுங்காக வேலை செய்வது வேறு என்பதை, பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் விளக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நிற்கும் பழைய பெட்டி எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அலமாரிக்குள் வைப்பதற்கென்றே செய்யப்படும் ‘பில்ட்-இன்’ வகையில், பெட்டியின் கதவோடு அலமாரிக் கதவு இணைக்கப்பட்டிருக்கும். அடியில் தரையை ஒட்டிக் காற்று நுழைய ஜாலியும், பின்புறம் காற்று ஏறிச்செல்ல இடைவெளியும், மேலே அது வெளியேறத் திறப்பும் இருக்கும். இவை எதுவும் இல்லையென்றால், தனியே நிற்க வேண்டிய சாதாரணப் பெட்டியை ஆசாரி பலகைக்குள் அடைத்துக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். நம் பக்கத்தில் பெரும்பாலும் நான் காண்பது இந்த இரண்டாம் வகைதான். முதல் வகை, வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கட்டிய வீடுகளிலும், அண்மையில் செய்த சில மாடுலர் அடுக்களைகளிலும் இருக்கிறது.

உண்மையான பில்ட்-இன் பெட்டியை மாற்றுவதில் அளவுச் சிக்கல் குறைவு. ஐரோப்பிய முறைக் குழிகள் 56 செ.மீ. அகலமும், ஏறத்தாழ 55 செ.மீ. ஆழமும், முழு உயரப் பெட்டிக்கு 178 செ.மீ. உயரமும் கொண்டவையாக இருப்பதால், அதே அளவில் புதியது கிடைக்க வாய்ப்பு உண்டு. சிக்கல் கதவில் வரும். பழைய பெட்டியில் மேல்பாதி குளிர்ப்பகுதி, கீழ்ப்பாதி உறைபகுதி என்று சரிபாதியாகப் பிரித்திருப்பார்கள். புதியதில் மேலே பெரிதும் கீழே சிறிதுமாகப் பிரிவு வேறிடத்தில் விழும். அப்போது அலமாரியின் இரண்டு பலகைக் கதவுகளும் பயன்படாமல் போகும். அலமாரிக் கதவு தன் கீலில் தொங்கிக்கொண்டு தண்டவாளம் போன்ற ஒரு சட்டத்தால் பெட்டியின் கதவை இழுப்பது ஒரு முறை. பலகை முழுவதையும் பெட்டியின் கதவே சுமப்பது மற்றொரு முறை. பழையது எந்த முறை, புதியது எந்த முறை என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. காற்றுத் திறப்பையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தது 200 சதுர செ.மீ. என்று பல கையேடுகளில் இருக்கும், 56 செ.மீ. அகலக் குழியில் அது ஏறத்தாழ மூன்றரை செ.மீ. உயரத் திறப்பு. எலி வருகிறது, கரப்பான் வருகிறது என்று அந்தத் திறப்பைப் பலகை வைத்து அடைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கம்பி வலை அடித்தால் போதும், அடைக்கக் கூடாது.

சாதாரணப் பெட்டியைக் குழிக்குள் வைப்பவர்கள்தான் அதிகம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரசர் செலவழிக்கும் மின்சாரமும் வெப்பமாகிச் சேர்வதால், உள்ளே குறைந்ததைவிட வெளியே வருவது அதிகம். பழைய பெட்டிகளில் இந்த வெப்பத்தை வெளிவிடும் கண்டன்சர், முதுகில் கறுப்புக் கம்பி வலைபோலத் தெரியும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் அந்தக் குழாய் இரு பக்கத் தகடுகளுக்குள்ளே ஓடுகிறது. “அண்ணாச்சி, புது ஃபிரிட்ஜ் ரெண்டு பக்கமும் சுடுது, ஷாக் ஏதும் அடிச்சிருமோ?” என்று கேட்டு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே விடை, அந்தச் சூடு பழுது அன்று, பெட்டி வேலை செய்வதன் அடையாளம்.

பழைய பெட்டி அதே குழியில் இத்தனை ஆண்டு ஓடியதே என்ற வாதம் இங்கேதான் அடிபடுகிறது. முதுகில் வெப்பம் விட்ட பெட்டிக்குப் பக்கங்கள் நெருங்கியிருந்தாலும் பின்னால் இடம் இருந்தது. பக்கங்களில் வெப்பம் விடும் 55 செ.மீ. அகலப் பெட்டியை 22 அங்குலக் குழிக்குள் செருகினால், இரு பக்கமும் சேர்த்து மூன்று நூல், அதாவது ஒரு செ.மீ.க்கும் குறைவான இடைவெளிதான் மிஞ்சும். வெளியேற வேண்டிய வெப்பம் பிளைவுட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தேங்குகிறது. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஐந்து நட்சத்திர முத்திரைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் மின்கட்டணத்தில் திரும்ப வருவதில்லை.

நம் ஊர் வெயிலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் உள்ளே அல்லது முதுகில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் எஸ்என் (SN), என் (N), எஸ்டி (ST), டி (T) என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும். அந்தப் பெட்டி எத்தனை டிகிரிச் சூழலில் இயங்க வடிவமைக்கப்பட்டது என்பதற்கான வகைப்பாடு அது: என் வகைக்கு மேல் எல்லை 32 டிகிரி, எஸ்டி வகைக்கு 38, டி வகைக்கு 43. பாளையங்கோட்டையில் அக்கினி நட்சத்திர நாட்களில் 38, 39 டிகிரி என்பது புதிய செய்தி அன்று. அடுப்பெரியும் அடுக்களையில் அது இன்னும் ஏறும். மூடிய அலமாரிக்குள் அதற்கும் மேல். ஆகவே டி வகைக்குக் குறைந்த எதையும் இங்கே வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டி வகையையும் காற்றில்லாத குழியில் வைத்தால் எல்லையைத் தாண்டிவிடும். வெளிநாட்டிலிருந்து பெட்டியைக் கொண்டுவருபவர்கள் அதே தகட்டில் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும்; சவூதி அரேபியாவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்.

எனவே குழியை அளக்கும்போது, வாங்க நினைக்கும் மாடலின் கையேட்டில் பக்கங்களுக்கும் பின்னுக்கும் மேலுக்கும் எவ்வளவு இடைவெளி கேட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, அதைக் குழியின் அளவிலிருந்து கழித்து, மிஞ்சுவதையே பெட்டியின் அளவாகக் கொள்ள வேண்டும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சுவர்கள் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பது அரிது. ஆழத்தில் பிளக்கின் தலைக்கும் வயரின் வளைவுக்கும் இடம் விட வேண்டும். உயரத்தில் இன்னொன்று உண்டு. பெட்டியைப் பின்சக்கரத்தில் சாய்த்துத்தான் உருட்ட முடியும், 160 செ.மீ. உயரமும் 65 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டியை ஐந்து டிகிரி சாய்த்தாலே முன்மேல் விளிம்பு ஐந்து செ.மீ. உயர்ந்துவிடும். பரணுக்கு அடியில் அந்த இடம் இல்லாவிட்டால், நான்கு பேர் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டியிருக்கும். பெட்டி நின்றபடியே பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால், குழியின் தரை பள்ளமாகிப் பழைய பெட்டி வெளியே வரவே மறுக்கும்.

கதவு திறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவர் முன்னால் நீண்டிருந்தால் கதவு 90 டிகிரியோடு நின்றுவிடும்; காய்கறித் தட்டை முழுவதும் வெளியே இழுக்க அது பல மாடல்களில் போதாது.

குழி போதவில்லையென்றால், சிறிய பெட்டியைத் தேடி அலைவதைவிட அலமாரியை வெட்டுவதே நல்லது என்பேன். பிளைவுட் பக்கப் பலகையைக் கழற்றி இரண்டு அங்குலம் தள்ளுவதும், மேல்பலகையின் பின்பகுதியை வெட்டிக் காற்றுக்கு வழிவிடுவதும் ஆசாரிக்குச் சிறிய வேலை. குழியின் பக்கம் கடப்பாக் கல்லாக இருந்தால் மட்டும் நிதானம் தேவை. மேலே பரணின் பாரத்தை அந்தக் கல் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், கொத்தனாரிடம் காட்டாமல் அதில் கை வைக்கக் கூடாது. பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும் பிளக் பாயிண்டை எட்டும் இடத்துக்கு மாற்றி, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்வதையும் அதே நாளில் முடித்துவிடலாம்.

இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்களில், குழாய்களுக்குள் சுற்றி வெப்பத்தை வெளியே கொண்டுவரும் வாயுவாகப் பெரும்பாலும் ஆர் 600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் இருக்கிறது. சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவான இது தீப்பற்றும், காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. கசிந்தால் மூடிய குழியின் அடியில் தங்கும். அளவு பொதுவாக 100 கிராமுக்கும் குறைவு என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கேஸ் ஏற்றவோ குழாய் பற்றவைக்கவோ வேண்டி வந்தால், பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே இழுத்து, காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். குழிக்குள்ளேயே பற்றவைக்கும் டார்ச்சை நீட்டும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள்.

வெளியேறும் பழைய பெட்டியில் பெரும்பாலும் ஆர் 134ஏ வாயு இருக்கும். எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக் கூடியது. பழைய இரும்புக் கடையில் செம்புக்காகக் குழாயை வெட்டும்போது அது அப்படியே காற்றில் கலந்துவிடுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பழைய பெட்டிகள் முறையான மறுசுழற்சிக்குச் சேர்வதில் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது, அது எங்கே போகிறது என்று கடையில் கேட்டு, எடுத்துக்கொண்டதற்கான குறிப்பைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். வண்டி வரும்வரை அது முன்வாசலில் நிற்க நேர்ந்தால், பிள்ளைகள் உள்ளே ஏறி மூடிக்கொள்ளாதபடி கதவைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.