கட்-ஆஃபின் விளிம்பில் நிற்கும் மூளை

நீட் எழுதிவிட்டுக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் மாணவி ஒருவரின் தாய் கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். தேர்வுக்கு முந்தைய இரவுகூட அயர்ந்து உறங்கிய மகள், மதிப்பெண் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, உறங்குவதும் இல்லை. அவளது மதிப்பெண் சென்ற ஆண்டின் கட்-ஆஃபை ஒட்டி நிற்கிறது. அவளைவிட வெகு குறைவாக வாங்கிய தோழியோ அடுத்த ஆண்டுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டுக் கலகலப்பாக இருக்கிறாள். சீட் கிடைக்காது என்று தெரிந்தவள் சிரிக்கிறாள், கிடைக்க வாய்ப்பிருப்பவள் வாடுகிறாள். இது என்ன விந்தை என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இதில் விந்தை ஏதும் இல்லை. அந்தப் பெண்ணின் மூளை, மூளைகள் செய்யவேண்டியதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மன அழுத்தம் வந்தால் மூளையிலுள்ள ஹைபோதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும், அட்ரீனல் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கும் என்பதை நீட் எழுதியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாடநூல் இதை ஆபத்துக்கு உடல் தரும் எதிர்வினை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆனால் எதை ஆபத்து என்று மூளை கணக்கிடுகிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. கெட்டது நடக்கும் வாய்ப்பு கூடக் கூட அழுத்தமும் கூடும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைப்போம். அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆர்ச்சி டி பெர்க்கரும் அவருடைய சகாக்களும் 2016-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 45 தன்னார்வலர்கள் கணினித் திரையின் முன் அமர்ந்து ஒரு விளையாட்டை ஆடினார்கள். திரையில் ஒரு பாறை தோன்றும். அதன் அடியில் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று ஆடுபவர் ஊகிக்கவேண்டும். பிறகு பாறை புரளும். பாம்பு இருந்தால், ஊகம் சரியோ தவறோ, கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி விழும். ஊகம் சரியாக இருந்தாலும் அதிர்ச்சியிலிருந்து தப்ப வழியில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எந்தப் பாறையின் அடியில் பாம்பு அடிக்கடி இருக்கிறது என்பது ஆட ஆடப் பிடிபடும். பிடிபட்டுவிட்டது என்று நினைக்கும்போது ஆய்வாளர்கள் சத்தமில்லாமல் நிகழ்தகவை மாற்றிவிடுவார்கள். இப்படி நூற்றுக்கணக்கான முறை பாறைகள் புரண்டன. அவ்வளவு நேரமும் வியர்வையால் தோலின் மின்கடத்துதிறன் எவ்வளவு மாறுகிறது, கண்பாவை எவ்வளவு விரிகிறது என்று கருவிகள் பதிவு செய்துகொண்டிருந்தன. எவ்வளவு பதற்றமாக இருக்கிறது என்று ஆடுபவர்களிடமும் அவ்வப்போது கேட்கப்பட்டது.

அதிர்ச்சி நிச்சயம் என்ற நிலையில் உடல் ஓரளவு அமைதியாகவே இருந்தது. பாம்பு இருக்கவும் இல்லாதிருக்கவும் சரிபாதி வாய்ப்பு என்ற நிலையில்தான் வியர்வையும் கண்பாவையும் வாய்மொழிப் பதிலும் ஒருசேர உச்சத்துக்குப் போயின. வலிக்குமா வலிக்காதா என்று தெரியாமல் இருப்பது, வலிக்கப்போகிறது என்று தெரிந்திருப்பதைவிட அதிகமாக உடலை வருத்துகிறது.

இந்த உச்சம் ஏன் சரியாக நடுவில் அமைகிறது? இங்கே சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன், ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பதை அளக்க ஒரு சூத்திரம் தந்தார். ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே விடைகள் கொண்ட ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 50 சதவீத வாய்ப்பு என்றால், விடை வரும்போது நமக்குக் கிடைக்கும் தகவல் ஒரு பிட் (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு). அதாவது, அதுவரை நம்மிடம் இருந்த நிச்சயமின்மையும் ஒரு பிட். இரு விடைகள் கொண்ட கேள்வியில் அதற்குமேல் இருக்க முடியாது. வாய்ப்பு 90 சதவீதம் என்றால் நிச்சயமின்மை 0.47 பிட்டாகக் குறைகிறது. 10 சதவீதம் என்றாலும் அதே 0.47 தான், கிடைக்கும் என்ற உறுதியும் கிடைக்காது என்ற உறுதியும் இந்தச் சூத்திரத்துக்கு ஒன்றே. 99 சதவீதம் என்றால் 0.08.

இந்த எண்களை வரைபடமாகப் போட்டால் ஒரு குன்று கிடைக்கும். அக்குன்றின் வடிவத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அதன் உச்சி கூரானது அல்ல. அகன்று தட்டையாக இருக்கிறது. வாய்ப்பு 50-இலிருந்து 60 சதவீதத்துக்கு உயர்ந்தாலும் நிச்சயமின்மை ஒன்றிலிருந்து 0.97-க்குத்தான் இறங்குகிறது, அதாவது இறங்கவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஓரங்களில் சரிவு செங்குத்தானது. 90-இலிருந்து 99-க்குப் போகும் ஏறக்குறைய அதே அளவு முன்னேற்றம் நிச்சயமின்மையை ஆறில் ஒரு பங்காக்கிவிடுகிறது. "போன வருஷத்தைவிட இந்த வருஷம் சீட் கொஞ்சம் கூடியிருக்காம்" என்று உறவினர் சொல்லும் ஆறுதல் நடுவில் நிற்பவரிடம் எடுபடாமல் போவதற்கும், ஏறக்குறைய உறுதியான இடத்தில் இருப்பவரை அதே செய்தி நிம்மதியாக உறங்கவைப்பதற்கும் இந்தக் குன்றின் வடிவமே போதுமான விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பரிணாமம் இப்படி ஓர் ஏற்பாட்டை எதற்காகச் செய்தது என்பதற்கும் அதே ஆய்வில் ஒரு தடயம் உண்டு. எவருடைய அழுத்தம் நிச்சயமின்மையோடு இறுக்கமாகச் சேர்ந்து ஏறி இறங்கியதோ, அவரே பாம்பு எங்கே என்பதை மற்றவர்களைவிடச் சரியாக ஊகித்தார். அப்படியானால் அழுத்தம் என்பது வெறும் வேதனையன்று; "இங்கே உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, கவனி" என்ற அறிவிப்பு. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற மிகச் சிறிய பகுதி உண்டு. சில பத்தாயிரம் நரம்பணுக்களே கொண்ட அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் இழைகள் மூளையின் பெரும்பகுதிக்கு நார்அட்ரீனலின் என்ற விழிப்பூட்டும் வேதிப்பொருளைக் கொண்டு செல்கின்றன. அதன் செயல்பாடு கூடும்போது கண்பாவையும் விரிகிறது. எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடையே பொருத்தம் குலைந்தால் புலன்களைக் கூர்மையாக்கிப் புதிதாகக் கற்கத் தூண்டுவது அதன் பணிகளுள் ஒன்று. புதருக்குள் சலசலப்பு கேட்ட காட்டுவாசிக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு, ஏனென்றால் அவரால் இரண்டடி எட்டி வைத்துப் புதரை விலக்கிப் பார்க்க முடியும்.

கலந்தாய்வுக்குக் காத்திருப்பவருக்கு விலக்கிப் பார்க்கப் புதர் இல்லை. தகவலைத் தேடு என்ற கட்டளை மூளைக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, தேடுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே கை கைபேசிக்குப் போகிறது; தேர்வுக்குழுவின் இணையதளத்தைக் காலையில் திறந்தவர் பத்து நிமிடத்தில் மறுபடி திறக்கிறார். இதில், ஆவலோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான டோபமைனுக்கும் பங்குண்டு. 2003-இல் நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷூல்ட்ஸின் ஆய்வுக்குழு குரங்குகளிடம் செய்த சோதனையில், பழச்சாறு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை முன்கூட்டியே ஒரு படம் உணர்த்தும். படத்துக்கும் பழச்சாறுக்கும் இடைப்பட்ட காத்திருப்பில் டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றம் மிகுதியாக இருந்தது வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான். அச்சத்தின் உச்சமும் ஆவலின் உச்சமும் ஒரே புள்ளியில் அமைந்துவிடுவதால்தான், பார்க்கப் பயந்துகொண்டே பார்க்காமலும் இருக்க முடிவதில்லை.

மருத்துவச் சேர்க்கையில் இந்த நிச்சயமின்மை ஒரே அடுக்காக இருப்பதில்லை. தேர்வு முடிந்த சில வாரங்களில் விடைக்குறிப்பும், விடைகளைக் குறித்த ஓ.எம்.ஆர். தாளின் நகலும் வெளியாகும்போது, பென்சிலோடு உட்கார்ந்து சரிக்கு நான்கு கூட்டி, தவறுக்கு ஒன்று கழித்து மதிப்பெண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். அது உழைத்தால் தீரும் நிச்சயமின்மை. அடுத்து வரும் தரவரிசை, எழுதிய மற்ற அனைவரையும் பொறுத்தது. அதற்கும் அடுத்ததான சீட்டோ, தனக்கு மேலே இருப்பவர்களின் விருப்பங்களைப் பொறுத்தது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதில் சேர்ந்தவர்கள் மாநிலக் கலந்தாய்வில் விட்டுச்செல்லும் இடங்கள் அடுத்தடுத்த சுற்றுகளில் கீழே இறங்கி வருகின்றன. முதல் சுற்றில் இடம் கிடைக்காத ஒருவருக்கு இரண்டாம் சுற்றில் கிடைக்குமா என்பது, இன்னும் முடிவெடுக்காத யாரோ ஒருவரின் மனத்தில் இருக்கிறது. எவ்வளவு கணக்குப் போட்டாலும் தீராத பகுதி இது. பாறை விளையாட்டில் அழுத்தத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்திப்போனதும் இத்தகைய தீராத நிச்சயமின்மைதான்.

2024-ஆம் ஆண்டு மாணவர்களுக்குத் தீர்ந்ததாக நினைத்ததும் மீண்டும் திறந்துகொண்டது. ஜூன் 14 என்று எதிர்பார்க்கப்பட்ட முடிவுகள், மக்களவைத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட ஜூன் 4 அன்றே வந்தன. 67 பேர் முழு மதிப்பெண் பெற்றிருந்தனர். தேர்வு நேரத்தை இழந்ததாகக் கருணை மதிப்பெண் பெற்ற 1,563 பேரின் அந்த மதிப்பெண் நீக்கப்பட்டு, அவர்களுக்கு மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. வினாத்தாள் கசிவு குறித்த வழக்குகளில் ஒட்டுமொத்தத் தேர்வே ரத்தாகுமா என்ற கேள்வி ஜூலை 23 வரை உச்ச நீதிமன்றத்தில் நின்றது. ரத்தில்லை என்று தீர்ப்பு வந்தபோது, அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு அதுவரை ஏற்கப்பட்டிருந்த இரண்டு விடைகளில் ஒன்றுதான் சரி என்றும் முடிவாயிற்று. மற்ற விடையைக் குறித்திருந்த லட்சக்கணக்கானோர் ஐந்து மதிப்பெண்ணை இழக்க, திருத்திய தரவரிசை ஜூலை 26 அன்று வந்தது. பாறை விளையாட்டில் சத்தமில்லாமல் நிகழ்தகவை மாற்றிய ஆய்வாளர்கள், தன்னார்வலர்களிடம் முன்அனுமதி பெற்றிருந்தார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

தெரியாமை, கெட்ட செய்தியைவிடக் கொடியதாக இருக்கக்கூடும் என்பதற்கு மருத்துவத்திலேயே வலுவான சான்று உண்டு. மூளை நரம்பணுக்களைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு சரியாக 50 சதவீதம், குணப்படுத்த மருந்தில்லை. கனடாவில் மரபணுப் பரிசோதனைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு, நோய் வராது என்று அறிந்தவர்கள் மட்டுமல்லாமல், வரக்கூடும் என்று அறிந்தவர்களும், விடை கிடைக்காமலே இருந்தவர்களைவிட மனச்சோர்வு குறைந்து காணப்பட்டனர். பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்ட அந்தத் தோழியின் கலகலப்பை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

சோதிடரின் திண்ணையில் ஜூன், ஜூலை மாதங்களில் கூட்டம் கூடுவதும் இதே காரணத்தால்தான் என்பது என் கருத்து. ஜாதகத்தைப் பார்த்து "ஐப்பசிக்குள் நல்லது நடக்கும்" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அந்தக் கணத்தில் நிச்சயமின்மை குறைந்தாற்போல உடல் உணர்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் தகவல் ஒரு துளியும் இல்லை என்பது உடலுக்குத் தெரியாது. நம்பிக் காசு கொடுக்கும் பெற்றோரை நான் ஏளனம் செய்யமாட்டேன், வாங்கிக்கொள்பவரை மன்னிக்கவும் மாட்டேன்.

காத்திருப்பைத் தனியாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கேட் ஸ்வீனி. ஜூலையில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நவம்பர் வரை முடிவுக்குக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளை அவர் குழு பின்தொடர்ந்தது. கவலை காத்திருப்பின் தொடக்கத்திலும் இறுதியிலும் மிகுந்து நடுவில் தணிந்தது. நினைக்காமல் இருக்க முயல்வது, நல்லதையே நினைப்பது என்று அவர்கள் கையாண்ட உத்திகள் பெரும்பாலும் கவலையைக் குறைக்கவில்லை. ஆனால் தவித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் தோல்விச் செய்தியைப் பின்னர் திறமையாகக் கையாண்டனர். நிம்மதியாகக் காத்திருந்தவர்கள்தான் இடிந்துபோனார்கள். ஓரளவு கைகொடுத்தது, மனம் முழுக்க மூழ்கிப்போகும் ஏதாவது ஒரு வேலை. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் தேர்வு நம்மிடம் இருக்கிறது. இவர்களில் சில ஆயிரம் பேரின் உறக்கத்தையும் கவலையையும் ஒரு பருவம் முழுக்கப் பதிவு செய்ய ஆகும் செலவு, ஒரு தேர்வு மையத்தில் கண்காணிப்புக் கேமரா பொருத்த ஆவதைவிடப் பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளின் காத்திருப்பைப் புரிந்துகொள்ளக் கலிபோர்னிய வழக்கறிஞர்களைப் பார்க்கவேண்டிய நிலை எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இதற்கிடையே, காசு செலவில்லாமல் குறைக்கக்கூடிய நிச்சயமின்மை ஒன்று உண்டு. முடிவு என்ன என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்பதைச் சொல்லலாம், சொன்னபடி வெளியிடலாம். நேரம் தெரிந்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையதளத்தைத் திறக்கத் தேவையில்லை.

கேள்வி அனுப்பிய தாய் தம் மகளிடம் "கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்லவேண்டியதில்லை. அந்தச் சொல்லால் நிகழ்தகவு நகராது, மகளும் அதை அறிவாள். சென்ற ஆண்டுப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அவளுடைய இனப்பிரிவில் ஒவ்வொரு சுற்றும் எந்த இடத்தில் முடிந்தது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம். மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடவேண்டாம். 2024-இல் மதிப்பெண்கள் வீங்கிப்போய், முந்தைய ஆண்டில் நல்ல கல்லூரியைத் தந்த அதே மதிப்பெண் வெகுதூரம் பின்னால் போனது. 2025-இல் வினாத்தாள் கடினமாகி மதிப்பெண்கள் சரிந்தன. தரவரிசை எண்ணைத் தரவரிசை எண்ணோடுதான் வைத்துப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் அவள் நிற்பது குன்றின் தட்டையான உச்சியில் அல்ல, ஏதோ ஒரு பக்கச் சரிவில் என்று தெரியவரவும் கூடும்.